பட்டினிப் பாத்தி

இருபது ஆண்டுகளாகத் திருக்குறளின் உழவு அதிகாரத்தை வகுப்பில் நடத்தி வருகிறேன். அதில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறள்களிடம் வரும்போது மாணவர்களில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கை தூக்குவார். ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உழுத நிலத்தைக் காயவிட்டால், ஒரு பிடி எருவும் இல்லாமலேயே பயிர் செழிக்கும் என்பது முதலாவது. உழுவதைக் காட்டிலும் எரு இடுவது நல்லது என்று தொடங்குவது அதற்கு அடுத்தது. அப்படியென்றால் எரு வேண்டுமா, வேண்டாமா? நான் பரிமேலழகர் உரையைப் படித்துக்காட்டி, முன்னது புழுதி காய்வதன் சிறப்பை உயர்த்திச் சொல்ல வந்தது, பின்னது உழவனின் கடமைகளை வரிசைப்படுத்த வந்தது என்று சமாதானம் சொல்லி நகர்ந்துவிடுவேன். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அந்த விடை போதும்.

என் அண்ணனுக்கு அது போதவில்லை. ஒரு விடுமுறையில் வரப்பில் உட்கார்ந்து இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "எருவே வேணாம்னு சொன்னாரே, அவரு பாத்த மண்ணு எந்த மண்ணு? நம்ம மண்ணா?"

எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் நான்கு ஏக்கர். மாவட்டத்தின் கிழக்கே போனால் கரிசல், பருத்தியும் மக்காச்சோளமும் போட்டி போட்டுக்கொண்டு விளையும். எங்களுடையது சரளை கலந்த செம்மண். ஒரு சாண் தோண்டினால் கல் தட்டும். அப்பா காலத்தில் வரகும் சோளமும் துவரையும் விளைந்தன. கிணற்றில் தண்ணீர் இருக்கிற ஆண்டில் இரண்டு தண்ணீர் கட்டலாம். இல்லாத ஆண்டில் வானம்தான். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவை எங்கள் பக்கத்துக் காடுகளையெல்லாம் மக்காச்சோளத்துக்கு மாற்றியபோது எங்கள் நான்கு ஏக்கரும் மாறியது. மெக்சிகோவில் பிறந்த ஒரு பயிர் எங்கள் வீட்டுக் கடன் புத்தகத்தில் இப்படித்தான் பெயர் எழுதிக்கொண்டது.

கடன் 2018இல் கனத்தது. அந்த ஆண்டுதான் படைப்புழு தமிழ்நாட்டுக்குள் வந்தது. குருத்துக்குள் புகுந்து தின்று, மரத்தூள் போலக் கழிவைத் துப்பிவிட்டுப் போனது. நான்கு ஏக்கரில் வண்டி வாடகைக்குக்கூட விளையவில்லை. அதன்பிறகு அண்ணன் விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் கடனுக்கு வாங்கத் தொடங்கினார். உரக்கடைக்காரரே விளைச்சலையும் எடுத்துக்கொள்வார். கணக்கு அவருடைய நோட்டில் இருக்கும். ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போட்டுக்கொண்டிருந்தவர் நான்கு போட்டார், பிறகு ஐந்து. டிஏபி இரண்டு மூட்டை. விளைச்சலோ பதினைந்து குவிண்டாலைத் தாண்டவில்லை.

"ஏழை மண்ணு தம்பி. ஏழைக்கு ரெண்டு அகப்பை கூடத்தான் போடணும்" என்பார்.

அவர் சொன்னதில் எனக்கு அப்போது பிழையே தெரியவில்லை. இரக்கத்தின் தர்க்கம் அது. ஆனால் கடன் கூடிக்கொண்டு போனதும், அண்ணியின் காதிலும் கழுத்திலும் ஒவ்வொன்றாகக் குறைந்ததும் கண்ணில் பட்டன. மாதச் சம்பளக்காரனுக்கே உரிய அவசரத்தோடு நான் தலையிட்டேன். 2021 கோடையில் நிலத்தின் பல இடங்களிலிருந்து மண் எடுத்து, கலந்து, பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவையும் வாங்கி வந்தேன். அங்ககக் கரிமம் 0.28 விழுக்காடு, அரை விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலே குறைவு என்பார்கள். தழைச்சத்து எக்டேருக்கு 154 கிலோ; 280க்குக் கீழே இருந்தால் குறைவு. மணிச்சத்து மட்டும் 'அதிகம்' என்ற கட்டத்தில் இருந்தது. துத்தநாகம் பற்றாக்குறை.

இதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நீர்ப்பாசனத்தில் வளரும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 250, 75, 75 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ நூறு கிலோ தழைச்சத்து. மண்ணில் ஒரு சத்து 'குறைவு' என்று வந்தால் பரிந்துரையோடு கால் பங்கு கூட்டுவதும், 'அதிகம்' என்று வந்தால் கால் பங்கு குறைப்பதும் நெடுநாள் வழக்கம். எனவே நூற்று இருபத்தைந்து கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 45 கிலோ மூட்டைக்கு இருபது கிலோவுக்குச் சற்று மேல். ஆக, ஆறு மூட்டை.

ஐந்து மூட்டை போடுகிற அண்ணனைத் திருத்தப் போனவன், ஆறு மூட்டைக் கணக்கோடு நின்றேன். அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "வாத்தியாரே, அஞ்சுக்கே திட்டுனீங்க. இப்ப ஆறா?"

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர் மண்ணியல் துறைக்குப் போனவர். அன்றிரவு அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவரும் முதலில் சிரித்தார். "உன் நிலம் நீர்ப்பாசன நிலமா? இரண்டு தண்ணீர் கட்டுவதற்குப் பெயர் பாசனமா? மானாவாரிக்கு அதே கையேடு சொல்கிற அளவு இதில் பாதிகூட இல்லை, அதைப் பார்த்தாயா?" நான் பார்த்திருக்கவில்லை. கோனார் உரையை மட்டும் படித்துவிட்டுத் தேர்வுக்கு வரும் மாணவர்களை எத்தனை முறை கடிந்திருப்பேன்!

அவர் பிறகு சொன்னது எனக்குப் புதிது. எவ்வளவு உரம் என்று முதலில் கேட்கக் கூடாது. எவ்வளவு விளைச்சல் என்று முதலில் கேட்க வேண்டும். இந்த நிலமும் இந்த மழையும் தாங்கக்கூடிய விளைச்சல் எவ்வளவோ அதை இலக்காக வை. அந்த விளைச்சலுக்குப் பயிர் மொத்தம் எவ்வளவு சத்தை எடுக்கும் என்று பார். அதில் மண் தன் கையிருப்பிலிருந்து எவ்வளவு தரும் என்பதைக் கழி. மிச்சத்தைத்தான் உரமாகக் கொடுக்க வேண்டும். போடுகிற உரத்தில் ஒரு பங்குதான் பயிருக்குப் போய்ச்சேரும் என்பதால் அதற்குத் தக்கபடி கூட்டிக் கொடு. 1967இல் ராமமூர்த்தி என்ற மண்ணியலாளரும் அவருடைய குழுவினரும் இந்தியாவில் வகுத்துக்கொடுத்த வழி இது.

"சரி, என் மண் என்ன தரும் என்பது எப்படித் தெரியும்?"

"பரிசோதனை அறிக்கை ஓரளவு சொல்லும். மண்ணையே கேட்டால் முழுதாகச் சொல்லும். நிலத்தில் ஒரு பாத்திக்குத் தழைச்சத்தே போடாதே. பக்கத்துப் பாத்திகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மூட்டைக் கணக்கில் போடு. அறுத்து எடை போட்டுப் பார். போடாத பாத்தி இல்லையென்றால் மற்ற எண்களுக்கு அர்த்தமே கிடையாது."

போடாத பாத்தி. கேட்பதற்கு எளிமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். ஒரு பாத்தி மட்டும், ஐந்து சென்ட். அண்ணன் கேட்டுக்கொண்டே மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். நான் உற்சாகத்தில் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் பிராட்பாக் என்றொரு வயல் இருக்கிறது. அதில் ஒரு பட்டைக்கு மட்டும் 1843 முதல் எருவும் உரமும் இடாமலே கோதுமை விதைத்து வருகிறார்கள். நம் கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர எருவீட்டுச் சோதனை நிலத்திலும் ஒன்றுமே இடாத பாத்தி உண்டு. மக்காச்சோளமும் அங்கே பயிராகியிருக்கிறது. பட்டினி கிடக்கும் அந்தப் பாத்திகளை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அளக்கிறார்கள்.

"1843லேர்ந்தா?" என்றார் அண்ணன். "பாவம், அந்த நெலம்."

"ஒரு பாத்திதானே அண்ணே."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "ஒரு வீட்டுல ஒருத்தனுக்குப் போடாம விட்டு, ஒருத்தனுக்குப் போட்டு வளத்துப் பாத்தாச்சுல்ல? இன்னும் என்ன அளக்கணும்?"

அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றவர். நின்றவர் அல்லர், நிறுத்தப்பட்டவர். நான் அப்போது நான்காம் வகுப்பு. இருவரையும் படிக்க வைக்க நிலத்தால் முடியாது என்று அப்பா முடிவு செய்த ஆண்டு அது. நான் முதுகலைத் தமிழ் படித்து முடிக்கும்வரை அந்த நான்கு ஏக்கரின் வருமானம் பெரும்பாலும் என் விடுதிக் கட்டணமாகவும் புத்தகமாகவும் மாறியது. முப்பது ஆண்டுகளில் அண்ணன் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்றும் சொன்னதோடு சரி. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போட்டுக்க, எங்க வேணுமோ போட்டுக்க" என்று மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். அண்ணி காபி கொண்டுவந்தார். நான் குடிக்காமல் பேருந்து ஏறினேன்.

புரட்டாசியில் விதைத்தோம். ஐந்து பாத்திகள் பிரித்துக் குச்சி நட்டோம். 2021 நவம்பரில் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். சரளை மண்ணில் அவ்வளவு மழை பெய்தால் தழைச்சத்து வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். எல்லாப் பாத்திகளும் வெளுத்தன. தைக் கடைசியில் அறுத்து எடை போட்டபோது இன்னொரு விந்தை. போடாத பாத்தி, இரண்டு மூட்டைக் கணக்குப் பாத்திக்குச் சமமாக விளைந்திருந்தது. எங்கள் மண்ணுக்குள் யாரும் அறியாத கையிருப்பு இருக்கிறது என்று நண்பருக்கு நான்கு பக்கம் எழுதத் தொடங்கிவிட்டேன். வள்ளுவர் சொன்ன எரு வேண்டாத புழுதி இதுதான் என்றுகூட ஒரு வாக்கியம் இருந்தது அதில்.

அண்ணிதான் காப்பாற்றினார். "தம்பி, அதை எழுதிடாதீங்க" என்றார் தணிந்த குரலில். "நீங்க போனப்புறம் உங்கண்ணன் ரெண்டு தடவை ராத்திரி போய் அந்தப் பாத்திக்கு மட்டும் யூரியா வெச்சுட்டு வந்தாரு. பச்சப்புள்ளய பக்கத்துல உக்கார வெச்சுட்டு மத்ததுக்கு மட்டும் சோறு போடுற மாதிரி இருக்குன்னாரு."

அண்ணனிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டு என்ன பெறப்போகிறேன்? ஆனால் அந்த ஓராண்டில் ஒன்றை உருப்படியாகச் செய்தோம். அதையும் அண்ணன்தான் செய்தார். இளம்பயிரின் குருத்து வெளிறி வருவதை ஆண்டுதோறும் அவர் பட்டினி என்று படித்திருந்தார். படித்த உடனே யூரியா போடுவார். தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடி இலை. நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாக உள்ளே இறங்கும். குருத்து இலைகளின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பட்டை ஓடினால் அது துத்தநாகக் குறை. ஆண்டாண்டாக டிஏபி போட்டதில் மணிச்சத்து மண்ணில் சேர்ந்து கிடக்கிறது. அது மிகுந்தால் துத்தநாகத்தைப் பயிர் எடுக்க விடாது. ஒன்றைக் கூடப் போட்டதனால் வந்த குறைக்கு இன்னொன்றைக் கூடப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நண்பர் அனுப்பிய படங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்த அண்ணன் நேராகக் காட்டுக்குப் போய் இரண்டு செடிகளைப் பிடுங்கி வந்தார். ஒன்றில் அடி இலை, மற்றதில் குருத்து. இரண்டையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பாடத்தையும் எந்த மாணவனும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

2022இல் பட்டினிப் பாத்தி வைக்கலாம் என்று சொன்னவர் அவர்தான். பெயரும் அவர் வைத்ததே. இந்த முறை அப்பாவும் உள்ளே வந்தார். எண்பது வயது. செயற்கை உரம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நிலத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தவர். "பாதியில கிடை போட்டுப் பாருங்கடா" என்றார். செம்மறி ஆட்டுக் கிடை. அப்பா காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது எங்கள் நிலத்தில் ஆடுகள் இராத் தங்கும்.

ஆக, பத்துப் பாத்திகள், ஒவ்வொன்றும் ஐந்து சென்ட். ஐந்து வெறும் மண்ணில், ஐந்து கிடை மடக்கிய மண்ணில். அரை ஏக்கரை இதற்கென ஒதுக்குவது எங்களுக்குச் சிறிய செயல் அன்று. மூன்று இரவுக் கிடைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும் மேய்ப்பவர்களுக்கு இராச்சோறும் ஆயிற்று. டிஏபியைத் தொடவில்லை, அதில் 18 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் பட்டினிப் பாத்தி பட்டினியாக இருக்காது. பத்துக்கும் ஒரே அளவில் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ்; ஏக்கருக்குப் பதினைந்து கிலோ என்ற கணக்கில் துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவினோம். யூரியா மட்டும் பாத்திக்குப் பாத்தி மாறும். கால் பங்கு அடியுரம், இருபத்தைந்தாம் நாள் அரைப் பங்கு, நாற்பத்தைந்தாம் நாள் மிச்சம். செடிக்குப் பக்கத்தில் குழி பறித்து வைத்து மூடினோம். முன்பெல்லாம் ஈர மண்ணின் மேலே வீசிவிட்டு வந்துவிடுவார்கள். ஈரத்தில் கரைகிற யூரியா அம்மோனியாவாக மாறும்போது மேலே கிடந்தால் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும். பாத்திகளுக்கு இடையே இரண்டு வரிசைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம். பக்கத்துப் பாத்திக்கு வைத்த உரத்தை வேர்கள் திருடுமாம். நீர் ஓட்டத்தில் உரம் வந்து சேராதபடி பட்டினிப் பாத்தியை மேட்டில் வைத்தோம்.

அந்த மூன்று மாதங்கள் நீண்டவை. முப்பதாம் நாளில் ஐந்தும் ஐந்தாகப் பிரிந்து நின்றன; வண்ணக் கடையில் ஒரே நிறத்தின் சாயல்களை வரிசையாகக் காட்டுவார்களே, அப்படி. மேட்டுப் பாத்தி இடுப்புயரத்தோடு நின்றுவிட்டது. அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. வழியோடு போனவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். விதை மோசமா என்று ஒருவர், கண்ணேறு என்று ஒருவர். அண்ணன் எல்லோருக்கும் ஒரே விடை வைத்திருந்தார்: "அது அளவுகோலு." நான் சனிக்கிழமைகளில் போகும்போதெல்லாம் அவர் அந்தப் பாத்தியின் ஓரத்தில் நிற்பதைப் பார்த்தேன். களை எடுப்பதில் அந்தப் பாத்திக்குத்தான் அதிகக் கவனிப்பு. யூரியாவைத் தவிர வேறு எதைக் கொடுக்க முடியுமோ எல்லாவற்றையும் கொடுத்தார்.

மயில்களும் பன்றிகளும் எடுத்ததுபோக, காய்ந்த மணிகளின் எடை, ஐந்து சென்ட்டுக்குக் கிலோவில்: வெறும் மண்ணில் ஒன்றும் போடாத பாத்தி 32. ஏக்கருக்கு ஒரு மூட்டைக் கணக்கில் 51, இரண்டுக்கு 65, மூன்றுக்கு 71, நான்குக்கு 72. கிடை மடக்கிய மண்ணில் முறையே 48, 72, 89, 98, 101.

நான் எண்களுக்குப் பழக்கமில்லாதவன். சீர் பிரிப்பதோடு என் கணக்கு முடிந்துவிடும். ஆயினும் அன்றிரவு திண்ணையில் இவற்றை எழுதிவைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தது நல்ல செய்யுள் ஒன்றுக்குப் பொருள் காணும் அனுபவமாக இருந்தது. வெறும் மண்ணில் முதல் மூட்டை ஏக்கருக்கு 380 கிலோ கூடுதலாகத் தருகிறது. இரண்டாவது 280. மூன்றாவது 120. நான்காவது வெறும் 20 கிலோ. உச்சத்தை எட்ட இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் அடுத்த பிடி உரம் பலன் தரும் என்று மிட்ஷர்லிஷ் என்ற ஜெர்மானியர் 1909இல் எழுதியிருக்கிறார். அண்ணன் போட்டுவந்த ஐந்தாவது மூட்டைக்கு அந்த நிலத்தில் வேலையே இல்லை.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அன்று யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மக்காச்சோளத்தைக் கிலோ 21 ரூபாய்க்கு விற்றோம். நான்காவது மூட்டை தந்த 20 கிலோவுக்கு 420 ரூபாய். மூட்டை விலையை மட்டும் கழித்தால் அதுகூட இலாபம்தான்! ஏற்று கூலியும் குழி வைக்கும் கூலியும் சேர்த்தால்தான் நட்டம் தெரியும். விலை இவ்வளவு குறைவாக வைக்கப்பட்டிருப்பதால், 'போதும்' என்று யூரியா ஒருபோதும் தானாகச் சொல்லாது. அண்ணனைப் பேராசைக்காரர் என்றோ அறியாதவர் என்றோ நினைத்தவர்கள், என்னையும் சேர்த்து, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. 1350 ரூபாய் டிஏபி மூட்டையில்தான் உண்மையான பணம் கரைந்துகொண்டிருந்தது. அதுவோ மண்ணில் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிற சத்து.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரண்டாவது வரிசை. கிடை மண்ணில் மூன்றாவது மூட்டையும் ஏக்கருக்கு 180 கிலோ தருகிறது. அதாவது, கொஞ்சம் தேறிய மண் கூடுதலான உரத்துக்குப் பதில் சொல்கிறது. ஏழை மண் சீக்கிரமே வாயை மூடிக்கொள்கிறது. ஏழைக்கு இரண்டு அகப்பை கூட என்ற அண்ணனின் இரக்கமும், 'குறைவு' என்றால் கால் பங்கு கூட்டு என்ற என் ஆறு மூட்டைக் கணக்கும் ஒரே இடத்தில் வழுக்கியிருந்தன. கரிமம் இல்லாத சரளை மண்ணுக்குச் சத்தையும் ஈரத்தையும் பிடித்துவைக்கக் கைகளே இல்லை. கூடக் கொடுத்தால் கூடச் சிந்தும். ஆப்பிரிக்காவின் சிறு உழவர் நிலங்களில் மக்காச்சோளத்தை ஆராய்ந்தவர்கள், உரத்துக்கு மறுமொழி தராத மண்கள் என்றே ஒரு வகை பிரித்திருக்கிறார்கள். அங்கே முதலில் மண்ணைத் தேற்ற வேண்டும், பிறகுதான் மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

நண்பர் எச்சரித்தார்: ஒரே ஆண்டு, ஒரே நிலம், ஒவ்வோர் அளவுக்கும் ஒரே ஒரு பாத்தி, குறைந்தது மூன்று முறையாவது திருப்பிச் செய்யாததை எங்கள் துறையில் சோதனை என்றே சொல்லமாட்டோம். சரிதான். எங்கள் எண்களை யாரும் தம் நிலத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குக் கிடைத்தது இரண்டரை மூட்டை என்ற ஓர் அளவு, மழை நின்றால் கடைசி அரையை நிறுத்திக்கொள்வது, துத்தநாகம், டிஏபி பாதி, ஆண்டுக்கு ஓர் ஏக்கராகக் கிடை. அண்ணனின் கடன் இதனால் தீர்ந்துவிடவில்லை. ஏக்கருக்கு இரண்டாயிரம் ரூபாய்ச் செலவு குறைந்தது. உரக்கடை நோட்டில் அவர் பெயருக்கு எதிரே இருந்த தொகை முதன்முறையாகக் கீழே இறங்கியது.

வள்ளுவரின் அந்தக் குறளுக்கும் ஒரு வழி திறந்தது. காய்ந்த மண் மறுபடி நனையும்போது உள்ளேயிருக்கும் அங்ககப் பொருள் வேகமாகச் சிதைந்து தழைச்சத்தை வெளியே விடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்களில் இதை ஆராய்ந்து 1958இல் எழுதியவர் பர்ச். விளைவுக்கு அவர் பெயரே இருக்கிறது. புழுதியைக் காயவிட்டால் எரு இல்லாமலே விளையும் என்பது வெறும் உயர்வு நவிற்சி அன்று. ஆனால் அது மண் தன் சேமிப்பிலிருந்து கொடுப்பது. சேமிப்பு இருந்தால்தான் கொடுக்கும். கொடுக்கக் கொடுக்கக் குறையும். அடுத்த குறள் உடனே எருவைப் பற்றிப் பேசுவது அதனால்தானோ என்று இப்போதெல்லாம் வகுப்பில் கேட்கிறேன். இது என் ஊகம், உரையாசிரியர் யாரும் சொன்னதன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்பதையும்.

அண்ணன் ஆண்டுதோறும் பட்டினிப் பாத்தியை விடுவதில்லை. மழை மாறுகிறது, விதை மாறுகிறது, அளவுகோல் வேண்டுமே என்கிறார். இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறார். சென்ற ஆவணியில் ஊருக்குப் போனபோது கிடை வந்து இறங்கியிருந்தது. முந்நூறு ஆடுகள், அந்தி நேரம். மேய்ப்பவர் வழக்கம்போல் பள்ளத்துப் பக்கம் பட்டியைக் கட்டப் போனார். அண்ணன் ஓடிப்போய்த் தடுத்து, மேட்டில் ஒரு மூலையைக் கையால் வட்டமிட்டுக் காட்டினார்.

"மொத ராத்திரி அங்க. போன வருசம் அதுதான் பட்டினி கெடந்துச்சு."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போயி அந்தக் கயித்தப் புடி" என்றார்.